மாமிக்கு ஒரு கோஷர் கடை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் பொறாமைக்காரன். உலகத்தில் உள்ள எல்லார் மீதும் பொறாமைப்பட எனக்கு நேரம் கிடைத்ததில்லை. ஒரே ஒரு ஆள்தான். என் சகலன் சிவநேசன், என் மனைவி ரஜனியின் அக்காவைக் கட்டியவர், பெர்லினில் இருப்பவர். எனக்குப் பிரஷர் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற வியாதி இருக்கிறது. உடம்பில் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் திடகாத்திரமாக இருப்பது இந்தப் பொறாமை மட்டும்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடமும் என்னைத் தேடி ஆள் அனுப்பவில்லை.) ஜெர்மனிக்கு வந்து டோர்ட்மண்டில் ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். அவரோ வந்த கையோடு டொச் என்கிற ஜெர்மன் மொழியைப் படித்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை மூன்றரை வருடம் செய்து, மின்சார வேலைக்குச் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவர். அவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டால் அந்தச் சான்றிதழையும் சேர்த்துத்தான் கும்பிட்டாக வேண்டும்.

மாமி அவரை 'நீங்கள்' என்பார். என்னை 'நீர்' என்பார். இரண்டும் மரியாதைதானே என்று ரஜனி சொல்வாள். இரண்டும் இருக்கைதான், ஒன்று சாய்ந்து உட்காரும் கதிரை, மற்றது வெறும் பலகை வாங்கு.

இந்தக் கதை நடந்தது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வாக்கில். ஊரில் சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்தார். பாதி நாள் பெர்லினில் மூத்த மகளோடு, மீதி நாள் டோர்ட்மண்டில் எங்களோடு என்று பேச்சு. ரஜனி தாயைப் பிரிந்து ஏழு வருடம். விமானநிலையத்தில் கட்டிப்பிடித்து அழுததோடு சரி. மாமிக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, கட்டில் வாங்கிப் போட்டு, ஜன்னலுக்குப் புதுச் சீலை தைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றரை மாதம் தாண்டியும் மாமி பெர்லினை விட்டு அசையவில்லை.

காரணம் சாப்பாடு. மாமி சுத்த சைவம். ஊரில் அவர் குசினியில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. மாமா உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு மீன் சமைத்த சட்டி வெளிக்கொட்டிலில்தான் இருக்கும். தப்பித் தவறி உள்ளே வந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறில்லை. ஜெர்மனிக்கு வந்தும் பாண் ரொட்டியை மணந்து பார்ப்பார், பிஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், வீட்டை விட்டு வெளியே போனால் பச்சைத்தண்ணீர் மட்டும் குடிப்பார். அப்படிப்பட்ட மாமிக்குச் சிவநேசன் அண்ணை ஒரு கடை கண்டுபிடித்துவிட்டார். யூதர்களின் சாப்பாட்டுக்கடை. பாலும் தயிரும் மரக்கறியும்தான். இறைச்சி சமைத்த பாத்திரம் வாசலைத் தாண்டாது. அந்தக் கடைக்கு மின்சார வேலை செய்ததே அவர்தானாம். (வேறு ஆர்?)

"கோஷர் எண்டு சொல்லுறது, பிள்ளை," என்று மாமி போனில் ரஜனிக்குப் பாடம் எடுத்தார். "எங்கடை ஆக்களைவிட ஆசாரம். உங்கை டோர்ட்மண்டிலை உப்பிடி ஒண்டு இருக்கோ?"

இருந்ததாக எங்களுக்குத் தெரியாது. ரஜனி போனை வைத்துவிட்டு, "அம்மா இனி இஞ்சை வர மாட்டா," என்று சொல்லி அந்தப் புதுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மாதமும் மூத்த மருமகன் வீட்டிலேயே மாமி இருந்துவிட்டுப் போனால் ஊரில் என்ன கதை போகும்? இளைய மருமகன் பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்றுதானே போகும்? இரண்டு இரவு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பெர்லினுக்குப் போய், சிவநேசன் அண்ணை காட்டியதைவிடத் திறமான ஒரு கோஷர் கடையை மாமிக்குக் காட்டி, அந்தச் சந்தோஷச் சூட்டோடு டோர்ட்மண்டுக்குக் கூட்டி வந்துவிடுவது.

கோஷர் என்றால் யூதர்களின் சைவம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. இடையில் பள்ளியை விட்டவனுக்கு இது ஒரு நோய்: தெரியாது என்று சொல்ல வெட்கம். டோர்ட்மண்ட் ரயில் நிலையப் புத்தகக் கடையில், பெர்லின் பற்றிய ஒரு பயணப் புத்தகத்தை வாங்காமல், மூன்று நாள் வேலை முடிந்து வரும்போது நின்று நின்று பார்த்து, இரண்டு முகவரிகளைக் கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் கடைக்காரப் பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருமினாள். அதற்குமேல் எழுதத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேர ரயிலில் ரஜனி எனக்கு ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னாள்.

"இஞ்சை பாருங்கோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போறம். நீங்கள் ஒண்டும் காட்டப் போகாதேங்கோ. வாயை மூடிக்கொண்டு இருந்தால் காணும்."

இருந்தேன். இரவுச் சாப்பாடு பாதி முடியும்வரை இருந்தேன். அப்போது சிவநேசன் அண்ணை என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

"குலம், அந்தக் கடையிலை வெளி ஆக்களைக் குசினிக்குள்ளை விட மாட்டினம். ஆனால் மாமியைக் கூப்பிட்டு உள்ளுக்கெல்லாம் காட்டினவை. நான் வயர் இழுத்த ஆள் எண்டபடியால்…"

"ஓம் தம்பி, என்ன துப்புரவு," என்றார் மாமி. "நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் உதெல்லாம் காட்டுறது?"

அந்த 'நீங்கள்' சோற்றுக்குள் கல்லாகக் கடிபட்டது. "அதைவிட நல்ல கடை இருக்கு மாமி," என்று என் வாய் சொல்லிவிட்டது. ரஜனியின் கால் மேசைக்கு அடியில் என் காலைத் தேடிப் பிடித்து மிதித்தது.

"எது?" என்றார் சிவநேசன் அண்ணை.

"ஞாயிற்றுக்கிழமை காட்டுறன்."

சனிக்கிழமை காலையில், பழைய கூட்டாளி ஒருவனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வேவு பார்க்கக் கிளம்பினேன். முதல் முகவரி, பெர்லினின் பழைய யூதப் பகுதியில், தங்க முலாம் பூசிய கும்பம் வைத்த அவர்களின் கோயிலுக்குக் கிட்ட. கடை திறந்திருந்தது. ஜன்னலில் ஏழு கிளை வைத்த மெழுகுதிரித் தண்டு. உள்ளே வயலின் இசை. கும்பிடாத குறையாக வாசலுக்குப் போய்ச் சாப்பாட்டு அட்டையைப் பார்த்தால், மூன்றாவது வரியில் எறால் படம் போட்டிருந்தது. நல்ல பெரிய எறால்.

"இது கோஷரா?" என்று பரிமாறுபவனிடம் கேட்டேன்.

"கோஷர் மாதிரி," என்றான். "சூழலுக்காக."

மாதிரிச் சைவத்தை மாமிக்குக் கொடுத்தால் எனக்கு மாதிரி மருமகன் பதவிதான் மிஞ்சும். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இரண்டாவது, நகரத்தின் மேற்குப் பக்கம். கடை பூட்டியிருந்தது. வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். யூதர்களின் இடங்களுக்குப் பொலிஸ் காவல் போடுவது பெர்லினில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; எனக்குத் தெரியவில்லை. கடையில் ஏதோ குற்றம் நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அகதியாக வந்த புதிதில், குறித்த எல்லையைத் தாண்டினால் பிடிப்பார்கள் என்ற காகிதத்தோடு நாலு வருடம் திரிந்தவன் நான். பொலிசைக் கண்டால் கால் தானாக வேகமாகும். வேகமாக அந்தப் பக்கம் போனேன். கடை எப்போது திறக்கும் என்ற பலகையை வாசிக்கத் திரும்பி வந்தேன். பயத்தில் வாசிக்காமல் மறுபடி போனேன். மூன்றாம் முறை அவர் கூப்பிட்டார்.

"ஏதாவது தேடுகிறீர்களா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். மருத்துவக் காப்புறுதி அட்டையைக் கொடுத்தேன். ரயில் டிக்கெட், கடைசிச் சம்பளத் துண்டு, டோர்ட்மண்ட் நீச்சல் குளத்துச் சீசன் அட்டை எல்லாவற்றையும் அவர் கையில் அடுக்கினேன். அவர் நீச்சல் அட்டையைத்தான் நிறைய நேரம் பார்த்தார்.

"இன்று சனிக்கிழமை," என்று பொறுமையாகச் சொன்னார். "இவர்களுக்கு ஓய்வு நாள். கோஷர் கடை ஒன்றும் திறக்காது. நாளைக்கு வந்து சாப்பிடுங்கள்."

ஞாயிறு மத்தியானம் மாமியும் நானும் மட்டும் கிளம்பினோம். சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட், காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து, தலையில் கம்பளித் தொப்பி. மாமி உற்சாகமாக இருந்தார். கடை வாசலில் அதே பொலிஸ்காரர். என்னைக் கண்டதும் கையைத் தூக்கிச் சிரித்து வணக்கம் சொன்னார்.

மாமி நின்றுவிட்டார். "உமக்கு இவரைத் தெரியுமோ?"

"ஓம் மாமி." (கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.)

"பொலிசுக்குத் தெரிஞ்ச ஆளோ நீர்?"

யாழ்ப்பாணத்தில் அதற்குக் காட்டிக்கொடுக்கிறவன் என்று அர்த்தம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. கூடவே பொரித்த கோழி மணமும் வந்தது. மாமி சேலைத் தலைப்பை இழுத்து மூக்கை மூடினார். யூதர்களின் சைவத்தில் கோழி எப்படி வந்தது?

கடைக்காரி அறுபது வயதுப் பெண்மணி. ஒடெசாவிலிருந்து வந்தவராம். அவருடைய டொச் என்னுடையதைவிட மோசம். இந்த நாட்டில் முதல் தடவையாக ஒருவரோடு தலை நிமிர்ந்து பேசினேன். என் நிலையைச் சொன்னதும் அவர் மாமியைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு குசினி. ஒன்று இறைச்சிக்கு, ஒன்று பாலுக்கு. சேரவே சேராது. கோஷரின் முக்கியமான சட்டமே அதுதான் என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. மாமிக்கு அதை ஏற்கெனவே தெரிந்தவனைப்போலச் சொன்னேன்.

மாமி தலைப்பைக் கொஞ்சம் இறக்கினார். "ரெண்டு குசினியோ? காட்டச் சொல்லும் பாப்பம்."

கடைக்காரி சந்தோஷமாகக் கூட்டிப் போனார். உள்ளே, நடுவில் கதவில்லாத ஒரு வாசல். அந்தப் பக்கம் இறைச்சிக் குசினி, இந்தப் பக்கம் பால் குசினி. அங்கே எல்லாவற்றிலும் சிவப்பு அடையாளம்; இங்கே எல்லாவற்றிலும் நீலம். கைப்பிடி, கத்தி, துணி, எல்லாம். கடைக்காரி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, மாமி பின்னால் போய், "இது மச்சம்… இது சைவம்," என்று தமிழில் சொல்லிச் சொல்லித் தலையாட்டினார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் கண்டதில்லை. ஏழு வருடம் போனில் நலம் விசாரித்துச் சாதிக்காததைக் கோழி மணத்துக்கு நடுவில் சாதித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பால் பக்கத்துத் தொட்டியில் கழுவாத பானைகள் குவிந்து கிடந்தன. கழுவுகிற ஆள் அன்றைக்கு வரவில்லையாம். எனக்குச் சிவநேசன் அண்ணையின் நினைப்பு வந்தது. அவர் வயர் இழுத்ததால்தானே அந்தக் கடையில் அவருக்கு மதிப்பு? எனக்கும் ஒரு தொழில் தெரியாதா என்ன? ஒரு நாளைக்கு ஐந்நூறு கோப்பை கழுவுகிற கை இது. இரண்டு பெண்களும் குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டிருந்த நேரம், நான் சட்டைக் கையை மடித்தேன். தொட்டியில் தேய்க்கப் பஞ்சு இல்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன், ஒன்று கிடந்தது. நல்ல பெரிய பஞ்சு. சிவப்பு.

சட்டி வேறு என்று எனக்குத் தெரியும். பஞ்சும் வேறு என்பது தெரியாது. வேலையிடத்தில் எல்லாப் பஞ்சும் ஒரே வாளிக்குள்தான் கிடக்கும்; வீட்டில் நான் பாத்திரம் கழுவுவதே இல்லை. (நாள் முழுக்கக் கழுவுகிறேன், வீட்டிலுமா?) மளமளவென்று நாலு பானை, ஒரு அகப்பை, ஒரு தட்டம் முடித்துவிட்டேன். ஐந்தாவது பானையைப் பளபளப்பாக்கி, மாமி பார்க்கட்டும் என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

மாமி பானையைப் பார்க்கவில்லை. என் மற்றக் கையைத்தான் பார்த்தார்.

"என்ன விசரே உனக்கு? மச்சச் சட்டி தேய்ச்ச பஞ்சாலை சைவச் சட்டியைத் தேய்க்கிறியே?"

'நீர்' போய்விட்டது. ஏழு வருடமாகக் கட்டிக்காத்த வாங்கும் போய் நான் நிலத்தில் உட்கார்ந்தேன்.

சத்தம் கேட்டு, மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். நெஞ்சுவரை தாடி, கறுப்புத் தொப்பி. கோஷர் சட்டம் பிசகாமல் பார்ப்பதற்கென்றே அந்தக் கடையில் இருக்கும் மேற்பார்வையாளர். பஞ்சைப் பார்த்தார், பானைகளைப் பார்த்தார், கண்ணை மூடினார். பிறகு என்னிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"சுடுதண்ணீரா, பச்சைத்தண்ணீரா?"

பச்சைத்தண்ணீர் என்றால் தப்பிக்க வழி இருந்திருக்குமாம். பிறகுதான் தெரிந்தது. நானோ அதைச் சுகாதாரப் பரிசோதனை என்று நினைத்துவிட்டேன். எங்கள் சாப்பாட்டுக்கூடத்துக்கு வருகிற அதிகாரி இதே கேள்வியைத்தான் கேட்பார். சரியான பதிலுக்கு மேலாளர் முதுகில் தட்டுவார்.

"சுடுதண்ணீர்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

அவர் முகம் விழுந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, "மிகவும் சூடு," என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கை பொறுக்காத சூடு," என்றும் சொல்லிவைத்தேன்.

பால் குசினி அத்தோடு அன்றைக்கு மூடப்பட்டது. நான் தொட்டதெல்லாம் ஒதுக்கி வைக்கப்பட்டது. பஞ்சு குப்பைக்குப் போனது. நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேன் என்று தெரியாது. கடைக்காரி பாவம், என்னைக் கோபிக்காமல் கடதாசித் தட்டில் மாமிக்குப் பாணும் வெள்ளரிக்காயும் வைத்து, வெறுந்தேத்தண்ணியும் கொடுத்தார். ஜெர்மனியில் மாமி வெளியே அப்படி மனம் நிறைந்து சாப்பிட்டதை நான் கண்டது அன்றைக்குத்தான். எதிரில் அந்தத் தாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது; மாமிக்கு டொச் தெரியாது.

"ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி," என்றார் மாமி. "சட்டியை மட்டும் பாத்தால் காணுமோ? பஞ்சு மாறினால் எல்லாம் போச்சு."

"கெனவ்," என்றார் அவர். மிகச் சரி என்று அர்த்தம்.

"இளந்தாரியளுக்கு இது விளங்காது."

"கெனவ், கெனவ்."

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அரை மணித்தியாலத்தில் அந்த மனுஷனுக்கு 'ஐயா'வும் கிடைத்தது, 'நீங்கள்' என்ற கதிரையும் கிடைத்தது. கழுவியது நான், மரியாதை அவருக்கு. பொறாமைப்பட இரண்டாவதாக ஓர் ஆள் அகப்பட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னமே எல்லாவற்றையும் சொன்னார். பொலிஸ்காரரில் தொடங்கிப் பஞ்சு வரை. சிவநேசன் அண்ணை சிரித்துச் சிரித்துச் சோபாவில் சரிந்தார். ரஜனி சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில், டோர்ட்மண்டில் அந்தக் கட்டில் காலியாகவே கிடக்கப்போவது எனக்குத் தெரிந்தது.

அப்போது மாமி சொன்னார்: "நான் நாளைக்கு டோர்ட்மண்ட் போறன்."

சோபாச் சிரிப்பு நின்றது. ரஜனி ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். நான் சகலனைப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நாலு செக்கன் இருக்கும், வென்றவனாகப் பார்த்தேன்.

"ஏன் மாமி திடீரெண்டு?" என்றார் அவர், கொஞ்சம் அடிபட்ட குரலில்.

"பின்னை? இஞ்சை நீங்கள் இருக்கிறியள், ஒரு குறையும் இல்லை. அங்கை இந்தாளின்ரை குசினியிலை இவ்வளவு காலமும் என்ன நடந்ததோ? என்ரை பிள்ளை எந்தப் பஞ்சாலை தேய்ச்ச சட்டியிலை திண்டாளோ? நான் போய்ப் பாக்க வேணும்."

வந்தார். விசா முடியும்வரை ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார். முதல் நாளே எங்கள் வீட்டுப் பஞ்செல்லாம் வெளியே போயின. ரஜனியும் தாயும் குசினிக்குள் இருந்து பேசிச் சிரிக்கிற சத்தத்தை நான் வெளியே இருந்து கேட்டேன். வாசற்படியைத் தாண்டி உள்ளே வர எனக்கு அனுமதி இல்லை. அந்த நாட்களைப் போல ரஜனி சந்தோஷமாக இருந்ததில்லை. ஆகவே போன காரியம் வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் நான் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனால், யாராவது ஒருவர் இருந்த இடத்திலிருந்தே கேட்பார்: "சுடுதண்ணியோ, பச்சைத்தண்ணியோ?" வீட்டுக்கு வந்த மருமகள்கூடக் கேட்கிறாள். அதைப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு.

இந்தக் கதையைச் சொல்பவர் சிவநேசன் அண்ணை. அன்றைக்கு அவர் அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் தாடியைத் தடவிக்கொண்டு "கெனவ்" என்று அவர் சொல்லும்போது அந்த மேற்பார்வையாளரே வந்து நிற்பார். நான் கழுவிய ஐந்து பானை அவர் வாயில் இப்போது பதினொன்று. பொலிஸ்காரர் விசிலோடு குசினிக்குள் ஓடி வருகிறார். போன மாதம் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், இந்தத் தடவை நானே சொல்வது என்று முந்திக்கொண்டு ஆரம்பித்தேன். எறாலைத் தாண்டி, பொலிசைத் தாண்டி, இரண்டாவது பானைக்கு வந்திருப்பேன்.

"அத்தான், நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் ரஜனி, சிவநேசன் அண்ணையிடம். "இவருக்குச் சொல்லத் தெரியாது."

அவர் எழுந்து தாடியைத் தடவினார். மண்டபம் முழுவதும் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்.